அத்தம் தொடங்கிப் பத்து: நட்சத்திரக் கணக்கும் உரையாசிரியர் நெஞ்சும்

பெரியாழ்வார் திருமொழி முதற்பத்தின் இரண்டாம் திருமொழியில், ஆழ்வார் யசோதைப் பிராட்டியின் நிலையில் நின்று ஊர்ப்பெண்களை அழைத்து, குழந்தைக் கண்ணனைத் திருவடி தொடங்கித் திருமுடி வரை காட்டிக்கொடுக்கிறார். அதன் ஆறாம் பாசுரத்தில் அவதார நட்சத்திரம் பற்றிய குறிப்பொன்று வருகிறது. நட்சத்திரத்தின் பெயர் அங்கே இல்லை. அத்தத்தை எல்லையாக வைத்து, அதற்குப் பத்தாவதான நாளில் தோன்றியவன் என்றளவோடு ஆழ்வார் நின்றுவிடுகிறார்.

எண்ணிப் பார்ப்பவனுக்கு இரண்டு விடைகள் கிடைக்கின்றன. அத்தத்தை ஒன்றாகக் கொண்டு மேல்நோக்கி எண்ணினால் சித்திரை, சுவாதி, விசாகம், அனுஷம், கேட்டை, மூலம், பூராடம், உத்திராடம் கடந்து பத்தாவது திருவோணம். அதே அத்தத்தை ஒன்றாக்கிக் கீழ்நோக்கி எண்ணினால் உத்திரம், பூரம், மகம், ஆயில்யம், பூசம், புனர்பூசம், திருவாதிரை, மிருகசீரிடம் கடந்து பத்தாவது ரோகிணி. இருபத்தேழு நாண்மீன்களில் இவ்விரண்டுக்கும் சரிநடுவே நிற்பது அத்தம் ஒன்றே. நடுவில் நிற்கும் மீனைத் தேடியெடுத்து வைத்த கணக்கு இது என்பதில் ஐயமில்லை.

இதற்கு முந்தைய திருமொழியில், பிறந்த குழந்தையைக் கண்டு மீண்ட ஆயர்கள் அவனைத் திருவோணத்துக்கு உரியவனாகச் சொல்லி, உலகை ஆள்வான் என்று பேசிக்கொள்கிறார்கள். திருவோணம் திருமாலுக்குரிய நட்சத்திரம் என்பது வேத வழக்கு. கண்ணன் அவதரித்ததோ ரோகிணியில். ஆவணித் தேய்பிறை அட்டமியில் ஞாயிறு சிம்மத்தில் நிற்க, திங்கள் அதற்கு 264 முதல் 276 பாகை முன்னே நிற்கவேண்டும். அப்படி நிற்கக்கூடிய இடம் பரணியின் கடைசிப் பகுதி முதல் மிருகசீரிடம் வரைதான். ஆவணித் திருவோணம் வளர்பிறை ஏகாதசிக்கும் பௌர்ணமிக்கும் இடைப்பட்டது. அது வாமனனுக்கு உரியது. ஆகவே கணக்கின்படி ஐயத்துக்கு இடமில்லை. ஐயத்தை வலிய உண்டாக்கி வைத்தவர் ஆழ்வார்.

ஏன் உண்டாக்கினார் என்பதே உரைமரபு எழுப்பிக்கொண்ட கேள்வி. பெரியவாச்சான் பிள்ளையின் வியாக்யானத்தில் பெரியாழ்வார் திருமொழிக்குரிய பெரும்பகுதி செல்லரித்துப்போக, அழிந்த இடங்களுக்கு மணவாள மாமுனிகள் உரையருளி நிறைவு செய்தார் என்பது யாவரும் அறிந்தது. அவ்வுரைமரபு தரும் விடை மிகச் சுருக்கமானது. பிறந்த நட்சத்திரத்தை வெளிப்படச் சொன்னால் கம்சனும் அவனைச் சேர்ந்தவர்களும் அதைக் கேட்டு அந்நாளைக் குறித்து அபிசாரம் செய்யக்கூடும். அதற்கு அஞ்சியே ஆழ்வார் இரு வழியாலும் எண்ணலாம்படி மறைத்துப் பேசினார்.

கம்சன் மாண்டு யுகம் கடந்தபின் பாடியவர் ஆழ்வார். அவன் கேட்பான் என்ற அச்சத்துக்கு இடமேது? உரையாசிரியர்கள் இக்கேள்வியைக் கேளாதவர்கள் அல்லர். அச்சத்துக்கு இடமில்லாதபோதும் அஞ்சுவதே பெரியாழ்வாரின் பரிவுக்கு இலக்கணம் என்பது அவர்கள் துணிபு. அஸ்தானே பயசங்கை என்று அதற்குப் பெயரும் இட்டார்கள். கருடன்மேல் காட்சிதந்த பரம்பொருளுக்கே கண்ணெச்சில் படுமென்று பல்லாண்டு பாடினவருக்குத் தொட்டிலில் கிடக்கும் பிள்ளையின் நட்சத்திரத்தை வாய்விட்டுச் சொல்ல நா எழாமற்போனதில் வியப்பென்ன? குருபரம்பரையும் இவ்வாறான ஒன்றைக் குலசேகரப் பெருமாள்மேல் ஏற்றிச் சொல்கிறது. இராமன் தனியனாய்க் கரனுடைய பதினாலாயிரவரை எதிர்த்து நின்றான் என்று கதை கேட்டவர், அக்கணமே தம் சேனையைப் புறப்படச் சொன்னார். அவருடைய திருநட்சத்திரமும் இராமனுடைய புனர்பூசமே என்பதை மரபு தனி மகிழ்ச்சியோடு நினைவுகூரும்.

ஸ்ரீபாகவதமும் பத்தாம் ஸ்கந்தத்தில் இந்த இடத்துக்கு வரும்போது ரோகிணியின் பெயரைச் சொல்லாமல், பிறப்பிலியிடமிருந்து பிறந்த பிரமனுக்குரிய நட்சத்திரம் என்று விடுகதைபோல் சுற்றிச் சொல்வது ஒப்பிடத்தக்கது. அரிவம்சமோ அபிசித்து என்கிறது. அபிசித்து உத்திராடத்துக்கும் திருவோணத்துக்கும் இடைப்பட்டது. அட்டமிக் கணக்குக்கு ஒத்துவராது. நூல்கள் இப்படிப் பலபடப் பேசும்போது, எந்த நூல் சரி என்று தீர்ப்பதோடு வாசிப்பு முடிந்துவிடுகிறதா, ஒவ்வொரு நூலிலும் யார், யாரை நோக்கி, எந்த நிலையில் நின்று சொல்கிறார் என்று கேட்பதில் வாசிப்பு தொடங்குகிறதா என்பதே வழக்கு. ஸ்ரீஜயந்தியை அட்டமியைக் கொண்டு நிர்ணயிப்பதா, ரோகிணியைக் கொண்டா என்று இன்றும் ஸம்பிரதாயங்கள் வெவ்வேறு நாள்களில் கொண்டாடுவதை நோக்கினால், உரைமரபினர் நட்சத்திரக் கணக்கை அலட்சியம் செய்தவர்கள் என்று எவரும் சொல்லார். கணக்கை முழுதும் அறிந்து, அதற்குரிய இடத்தில் வைத்தவர்கள் அவர்கள்.

இந்தப் பயிற்சியோடு அண்மைக்கால விளக்கங்களை அணுகினால் அவற்றின் குறை புலப்படும். அவை இரு வகை. இதிகாசத்தை வானத்தின் உருவகமாகக் கொள்வது ஒன்று. வானத்தை இதிகாசத்தின் நாட்காட்டியாகக் கொள்வது மற்றொன்று. முதலாவது கண்ணனைக் கதையாக்கிக் கரைக்கிறது; இரண்டாவது அவனைக் கணினியின் தயவில் நிறுத்துகிறது.

உருவகக்காரர் விரும்பும் கதை, திங்களும் ரோகிணியும் பற்றியது. தக்கனின் மகளிர் இருபத்தெழுவரைத் திங்கள் மணந்தான், ரோகிணியிடம் மட்டும் தங்கினான், மற்றையோர் தந்தையிடம் முறையிட, தக்கன் சபித்தான், திங்கள் தேய்ந்தான், பிரபாச தீர்த்தத்தில் நீராடி மீண்டும் வளர்ந்தான். இருபத்தெழுவர் இருபத்தேழு நாண்மீன்கள், சாபம் தேய்பிறை, நீராட்டு வளர்பிறை என்று சமன்பாடு எழுதிவிட்டால் கதை தீர்ந்துபோகிறது. ஆனால் இக்கதையின் பழைய வடிவம் தைத்திரீய ஸம்ஹிதையில் உள்ளது. அங்கே பிரசாபதி சோமனுக்குக் கொடுத்த மகளிர் முப்பத்துமூவர். முப்பத்துமூன்று நாண்மீன்கள் எந்த வானத்திலும் இல்லை. எண் பொருந்தவில்லை என்றால் உருவகக்காரர் எண்ணை மாற்றுவார்; கதையோ அதைப்பற்றிக் கவலைப்படாமல் பாரபட்சம், மறுக்கப்பட்ட மனைவியரின் முறையீடு, நோய், பரிகாரம் என்று தன்வழியே நடக்கிறது. வேதத்தில் அக்கதை வருவதும் வான நூல் கற்பிப்பதற்காக அன்று. இராசயக்குமம் என்னும் நோய் வந்த வரலாற்றையும் அதை நீக்கும் வேள்வியையும் சொல்வதற்காக.

மகாபாரதத்தில் இக்கதை நிற்கும் இடம் இதைவிடக் கருதத்தக்கது. சல்லிய பருவத்தில் பலராமனின் தீர்த்தயாத்திரையில், அதுவும் முதல் தீர்த்தமாகிய பிரபாசத்தில், அது சொல்லப்படுகிறது. இரு பக்கமும் உறவினர் நிற்கும் போரில் ஒருபக்கம் சேர மனமின்றி விலகிய பலராமன், வசுதேவரின் மனைவி ரோகிணியின் மகன். ஒருத்தியிடம் மட்டும் அன்பு வைத்துத் தேய்ந்தவனின் கதையை, இரு தரப்புக்கும் ஒத்த அன்பு வைக்க முயன்று அகன்றவனின் பயணத்தின் தொடக்கத்தில் வியாசர் வைத்திருக்கிறார். வெண்ணிறத்துப் பலராமனே திங்கள், அவன் யாத்திரையே திங்களின் வான்வழி என்று எழுதுவோர், எதிரெதிராக வைக்கப்பட்ட இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். வைத்தவர் கை வீணாகிறது.

காலக்கணிதர்களின் வழக்கு வேறு. அவர்கள் பக்தியோடு வருகிறார்கள். அவதாரம் மெய்யாக நிகழ்ந்தது என்று நாட்டுவதே அவர்கள் நோக்கம். அந்த நோக்கத்தை மதிக்கத்தான் வேண்டும். ஆனால் கோளரங்க மென்பொருளைக் கொண்டு பாரதப் போருக்கு ஒருவர் கி.மு. 3067 என்கிறார், மற்றொருவர் கி.மு. 5561 என்கிறார். இரண்டுக்கும் இடையே 2494 ஆண்டுகள். இருவரும் ஒரே நூலின் குறிப்புகளையே எடுத்துக்கொள்கிறார்கள் என்பதுதான் வியப்பு. வியப்புக்குக் காரணம் பீஷ்ம பருவத் தொடக்கத்திலேயே இருக்கிறது. வியாசர் திருதராட்டிரனுக்கு உற்பாதங்களைச் சொல்லுமிடத்தில், ஓரிடத்தில் சனி ரோகிணியைப் பீடிக்கிறான். சற்றே தள்ளி, சனி வியாழனோடு விசாகத்தின் அருகே நிற்கிறான். ரோகிணிக்கும் விசாகத்துக்கும் இடையே 160 பாகை. ஏறக்குறைய வானத்தின் எதிர்முனைகள். அருந்ததி வசிட்டனை முந்திச் செல்வதும் அதே பட்டியலில் உள்ளது. மகனிடம் கண்டிப்புச் செய்ய இயலாத குருட்டு அரசனை எவ்வாறேனும் அசைக்க வேண்டும் என்று முனிவர் அடுக்கும் அச்சங்கள் அவை. அப்பட்டியலில் தமக்கு வேண்டியதை எடுத்து வேண்டாததை விட்டால் எந்த ஆண்டையும் பெறலாம்.

இராமாவதாரத்துக்கு வருவோர், பாலகாண்டத்தின் சாதகக் குறிப்பைப் பற்றுக்கோடாகக் கொள்வர். சித்திரை மாதம், நவமித் திதி, அதிதிக்குரிய புனர்பூசம், கடக இலக்கினம், திங்களோடு வியாழன், ஐந்து கோள்கள் உச்சம். எவை அந்த ஐந்து என்று சுலோகம் பெயர் சொல்லவில்லை. உரையாளர்கள் ஞாயிறு, செவ்வாய், வியாழன், வெள்ளி, சனி எனக் கொள்வர். வேறு வழியும் இல்லை: கடகத்தில் நிற்கும் திங்களுக்கு அது ஆட்சிவீடேயன்றி உச்சமன்று, ஞாயிற்றை விட்டு 28 பாகைக்குமேல் விலகாத புதன் சித்திரை மாதத்தில் கன்னியில் உச்சம்பெற இயலாது. ஆகவே ஞாயிறு மேடத்தில் உச்சம். இப்போது கூட்டிப்பார்த்தால் தடை தெரியும். நவமியில் திங்கள் ஞாயிற்றுக்குக் குறைந்தது 96 பாகை முன்னே நிற்கவேண்டும். இருபத்தேழு சமபகுதிக் கணக்கில் புனர்பூசம் முடிவது 93 பாகை 20 கலையில். திங்கள் புனர்பூசத்தின் கடைசிக் கலையில் நின்றாலும், ஞாயிறு மேடத்துக்குள் நுழைய இன்னும் 2 பாகை 40 கலை மீனத்தில் இருக்கிறது. அயனாம்சத்தை எப்படி மாற்றினாலும் பயனில்லை. இராசியும் நட்சத்திரமும் ஒரே தொடக்கத்திலிருந்து அளக்கப்படுவதால் இரண்டும் சேர்ந்தே நகரும். திதி, நட்சத்திரம், உச்சம் மூன்றில் ஒன்றை நெகிழ்த்தாமல் எந்த ஆண்டிலும் இந்நாள் கிட்டாது. ஆயினும் கி.மு. 5114 ஜனவரி 10 என்று நூலச்சேறி, அது பலராலும் மேற்கோளாகக் காட்டப்படுகிறது.

இதைச் சொல்வதால் இராமாவதாரத்துக்குக் குறை வந்துவிடுமென்று அஞ்சுவோர், அவதாரத்தை 2 பாகை 40 கலையில் தொங்கவிட்டவர் யார் என்று எண்ணிப்பார்க்கவேண்டும். வால்மீகி அவ்வாறு செய்யவில்லை. பிள்ளையின்றி நெடுநாள் ஏங்கிய கிழவனின் வீட்டில் பிள்ளை பிறந்த நாளைப் பாடுகிறவர் அவர். நல்லவை எல்லாம் ஒருங்கே கூடிய நாள் என்று சொல்லும்போது, கூடக்கூடியவற்றின் எல்லைக்கும் சற்றே அப்பால் அவர் சொல் போய்விடுகிறது. மகிழ்ச்சி அப்படித்தான் பேசும். பெரியாழ்வாரின் அச்சம் நட்சத்திரத்தை மறைத்தது போல, வால்மீகியின் உவகை கோள்களைக் குவித்தது.

போர்க்களத்துத் திங்களும் இப்படியே ஆராயத்தக்கது. சயத்திரதன் வதத்தில் கண்ணன் ஞாயிற்றை மறைத்ததைச் சூரிய கிரகணம் என்று விளக்கும் வழக்கு இன்று பரவியுள்ளது. கிரகணம் அமாவாசையில்தான் நிகழும். அன்று திங்கள் ஞாயிற்றோடு எழுந்து ஞாயிற்றோடு மறையும். ஆனால் அதே பதினான்காம் நாள் இரவில் போர் தொடர்ந்து, சேனைகள் களைத்து, அருச்சுனன் சொல்லால் களத்திலேயே உறங்கி, இரவு மூன்றில் ஒரு பங்கு எஞ்சியிருக்கையில் எழுந்த திங்களின் ஒளியில் மீண்டும் பொருதன என்று துரோண பருவம் விரிவாக வருணிக்கிறது. யானைமேலும் குதிரைமேலும் தேர்த்தட்டிலும் துயின்றவர்களைத் திங்கள் எழுப்பும் அப்பகுதி பாரதத்தின் அரிய அழகுகளில் ஒன்று. கிரகணக்காரர் அப்பகுதியை எட்டுவதில்லை.

இங்கே உண்மையான இடர் ஒன்றும் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. உத்தியோக பருவத்தில் கர்ணனைப் பிரியும்போது கண்ணனே, இன்றைக்கு ஏழாம் நாள் அமாவாசை, அதற்கு இந்திரன் தெய்வம், அன்று போர் கூடட்டும் என்கிறான். அமாவாசையில் தொடங்கிய போரின் பதினான்காம் இரவு பௌர்ணமியை ஒட்டியது. அப்போது திங்கள் மாலையிலேயே எழுந்திருக்கவேண்டும். பலராமன் சொல்லோ துரோண பருவத்துத் திங்களோடு ஒத்துப்போகிறது. பூசத்தில் புறப்பட்டுத் திருவோணத்தில் மீண்டதாகவும் நாள் 42 என்றும் அவன் கூறுகிறான். முதல்நாளையும் சேர்த்தெண்ணினால் கணக்குப் பிழையில்லை. அவன் மீண்ட பதினெட்டாம் நாள் திருவோணமானால் போரின் முதல்நாள் மிருகசீரிடம். மார்கழித் திங்களில் அது பௌர்ணமியை ஒட்டியது. பதினான்காம் இரவு திங்கள் பின்யாமத்தில் எழும். தமையனின் கணக்கு களத்தோடு பொருந்த, பகவானின் வாக்கு பொருந்தாமல் நிற்கிறது.

இடைச்செருகல் என்று ஒன்றைத் தள்ளிவிடுவது எளிது. அதைவிட, அவ்வாக்கு யாரிடம் சொல்லப்பட்டது என்று பார்ப்பது நலம். தன் பிறப்பின் உண்மையைக் கேட்டும் துரியோதனனை விட்டு வர மறுத்துவிட்ட கர்ணனிடம் சொல்லப்பட்டது அது. கண்ணன் அந்த அமாவாசையைத் தனியே சொல்லவில்லை. புல்லும் விறகும் எளிதில் கிடைக்கும் மாதம், பயிர் முற்றியிருக்கிறது, கனி மிகுதி, ஈக்கள் குறைவு, சேறில்லை, நீர் இனியது, வெயிலும் பனியும் மிகாதது என்று பருவத்தைச் சொல்லிவிட்டுத்தான் நாளைச் சொல்கிறான். சாகத் துணிந்த ஒருவனிடம், அவனைத் தடுக்க இனி வழியில்லை என்று கண்டபின், பயணத்துக்கு நல்ல நாள் பார்த்துச் சொல்வதைப்போன்ற பேச்சு. அதிலுள்ள அன்பும் கொடுமையும் பஞ்சாங்கத்துக்குள் அடங்காதவை. சொன்னபடி போர் அன்று தொடங்கியதா என்னும் கேள்வி அப்படியே இருக்கட்டும். பொருந்தாத ஒன்றைப் பொருந்தாததாகவே விட்டுவைப்பதும் உரையறமே.

உரைமரபிலும் உள்ளுறை காணும் வழி உண்டே, ஸ்வாபதேசம் என்பது வேறென்ன, என்று உருவகக்காரர் கேட்கலாம். கேள்வி நியாயமானது. பிற்காலத்தில் ஒவ்வொரு பறவைக்கும் பூவுக்கும் ஒரு தத்துவத்தை ஒட்டவைத்துப் பட்டியலாக்கிய ஸ்வாபதேசங்களும் உண்டு. அவை உருவகக்காரரின் சமன்பாட்டுக்கு வெகுதூரத்தில் இல்லை என்று ஒப்புக்கொள்ளவேண்டும். ஆனால் மரபின் சிறந்த இடங்களில் வெளிப்பொருள் அழிவதில்லை. திருவாய்மொழி இரண்டாம் பத்தின் முதல் திருவாய்மொழி அதற்குச் சான்று. பிரிவாற்றாத தலைவியின் நிலையில் நின்று ஆழ்வார் நாரையையும் அன்றிலையும் கடலையும் காற்றையும் மேகத்தையும் ஒவ்வொன்றாக நோக்கி, நீயும் என்னைப்போல் அவனை இழந்தாயோ என்று கேட்கிறார். ஆறாம் பாசுரத்தில் தேய்ந்து ஒளிகுன்றி நிற்கும் திங்களைக் காண்கிறார்.

திங்கள் தேய்வதற்குப் புராணம் கூறும் காரணம் ஆழ்வார் அறியாததன்று. தக்கனின் சாபம் அவ்விடத்தில் தலைகாட்டவே இல்லை. அரவணைமேல் ஆழியேந்திக் கிடப்பவன் சொன்ன சொல்லை மெய்யென்று நம்பியன்றோ உன் உடலின் ஒளியை இழந்தாய் என்பது அவர் திங்களிடம் கேட்கும் கேள்வி. மெய்யான வாசகம் என்று அவர் சொன்னதிலுள்ள குத்தலை ஈடு முதலான உரைகள் நின்று சுவைக்கும். அவனுக்குப் படுக்கையான அரவுக்கோ வாய்கள் பல. அவன் கையிலுள்ள ஆழியோ பாரதப் போரில் பகலை இரவாக்கிக் காட்டியது. இத்தகைய பரிவாரத்தோடு இருப்பவன் வாயில் மெய் எப்படி வரும்?

சயத்திரதன் கதையை வான நூலாக்குவோரும் இவ்வுரையைச் செய்தோரும் ஒரே ஆழியைத்தான் பார்க்கிறார்கள். முன்னவர் அதில் கிரகணத்தின் நாளைத் தேடுகிறார்கள். பின்னவர், அன்று ஞாயிற்றையே ஏமாற்றியது இன்று ஒரு பெண்ணை ஏமாற்றாதோ என்று அவள் பக்கம் நின்று கோபிக்கிறார்கள். திங்களோ அவள் கேட்டதற்கு விடைசொல்லாமல் தேய்ந்துகொண்டிருக்கிறது. அவளும் அடுத்த பாசுரத்தில் இருளை நோக்கித் திரும்பிவிடுகிறாள்.